துணையிழந்த தாயைத் திரையில் ஏற்றியவர்
மெஹபூப் கான் வாழ்க்கை வரலாறு

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்திற் குடியேறிய நமக்கு, இந்நிலத்தின் மொழியை முதன்முதலிற் கற்பித்த ஆசான் யார் என வினவினால், பள்ளி ஆசிரியர் என்று விடையிறுப்பார் சிலரே. சினிமாக் கொட்டகை என்பாரே பலர். இந்திப் படங்களின் வசனத்தைக் கேட்டுக் கேட்டே கடைத்தெருவிற் பேரம் பேசக் கற்ற தாய்மார்கள் நம் காலனியில் பலர் உளர். அப்படங்களுள்ளும் 'மதர் இந்தியா' என்னும் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. ஏரைத் தோளிற் சுமந்து நிற்கும் அப்பெண்ணின் உருவம் எல்லோர் உள்ளத்திலும் பதிந்திருக்கிறது. எனினும், அவ்வுருவைப் படைத்தவர் யார், அதனைப் படைக்க அவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆண்டு விழா மலரில் புலவர்களையும் தேசபக்தர்களையும் போற்றுவது நம் மரபு. அவ்வரிசையில் இம்முறை ஒரு படமுதலாளியின் வரலாற்றைச் சொல்லப் புகுவதற்குக் காரணம் உண்டு. கணவன் துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் நிலையை, ஒருமுறையன்று, நான்கு முறை திரையில் வைத்து நாட்டாரைச் சிந்திக்கச் செய்தவர் அவர். அவரே மெஹபூப் கான்.

பிலிமோராச் சிறுவன்

பம்பாயிலிருந்து சூரத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பிலிமோரா என்னும் சந்திப்பு நிலையம் உள்ளது. வகாய் என்னும் ஊருக்குச் செல்லும் குறுகிய பாதை பிரிவதும் அவ்விடத்திலேயே. அக்காலத்தில் அவ்வூர் பரோடா மன்னராகிய கெய்க்வாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே எளியதொரு முஸ்லிம் குடும்பத்தில் மெஹபூப் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகச் சிறிதளவே வாய்த்தது. ஆங்கிலம் கற்கும் வாய்ப்பும் இல்லை. ஆனால் நாட்டுப்புறத்து உழவனின் பேச்சும், அவன் வீட்டு அடுப்பின் நிலையும், லேவாதேவிக்காரன் வாசலில் அவன் கைகட்டி நிற்கும் கோலமும் அவருக்கு நன்கு தெரிந்தவை. பிற்காலத்தில் பெரும் படிப்பாளிகள் எடுக்கத் தயங்கிய கதைகளை அவர் துணிந்து எடுத்ததற்கு இவ்வறிவே முதலாயிற்று.

இளமையிலேயே நடிப்பின் மேல் அளவற்ற மோகம் கொண்ட அவர், வீட்டை விட்டுப் பம்பாய் சென்றார். அங்கே அர்தேஷிர் இரானி என்பார் நடத்திய இம்பீரியல் படக் கம்பெனியில், கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகர் வேலை கிடைத்தது. 1927-ஆம் ஆண்டு வெளிவந்த 'அலிபாபா' என்னும் மௌனப் படத்தில் நாற்பது திருடருள் அவரும் ஒருவர். முகம் தெரியாத வேடம் அது. அதே அலிபாபாவின் கதையைப் பதின்மூன்று ஆண்டுகட்குப் பின் அவரே டைரக்டராக இருந்து படமாக்கினார். இதனைக் காணும்போது, விடாமுயற்சிக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ என எண்ணத் தோன்றுகிறது.

1931-ஆம் ஆண்டு நம் நாட்டின் முதல் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' தோன்றியது. அதில் கதாநாயகனாக நடிக்க முதலில் மெஹபூபின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் பெயர் பெற்ற நடிகரே வேண்டும் எனக் கருதி மாஸ்டர் விட்டலைத் தேர்ந்தெடுத்தனர். கைக்கெட்டியது வாய்க்கு எட்டாது போயிற்று. அன்று அவ்வேடம் கிடைத்திருப்பின், நடிகருள் ஒருவராக அவர் நின்றுவிட்டிருக்கவும் கூடும். கிடைக்காத காரணத்தால் காமிராவின் இப்புறம் வந்து நின்றார்.

டைரக்டர் ஆதல்

சாகர் மூவிடோன் என்னும் கம்பெனியில் நடிகராகச் சேர்ந்த அவருக்கு, 1935-ஆம் ஆண்டு 'அல் ஹிலால்' என்னும் சரித்திரப் படத்தை டைரக்டு செய்யும் வாய்ப்புக் கிட்டியது. அப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஃபரிதூன் இரானி, அன்று தொட்டு மெஹபூபின் இறுதிக் காலம் வரை அவருடனேயே பணியாற்றினார். படவுலகில் நட்பு நிலைப்பது அரிது என்பர். இவ்விருவர் நட்பு ஏறத்தாழ முப்பதாண்டு நிலைத்தது. 'மன்மோகன்', 'டெக்கான் குவீன்' ஆகிய படங்கள் 1936-இல் தொடர்ந்து வந்தன. பின்னதன் பெயர், 1930 முதல் பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையே ஓடும் விரைவு வண்டியின் பெயரே என்பதை நம் இரயில்வே அன்பர்கட்குச் சொல்ல வேண்டுவதில்லை.

1937-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாகீர்தார்' என்னும் படமே நம் பொருளுக்கு முதற்படி. ஒரு செல்வன் ஒருத்தியை மறைவில் மணம் புரிகிறான். பின்னர்க் கப்பல் விபத்தில் அவன் மாண்டான் என்ற செய்தி வருகிறது. மணத்துக்குச் சாட்சி இல்லை. பிறந்த பிள்ளையோ முறைதவறிப் பிறந்தது என ஊரார் தூற்றுகின்றனர். ஏழை உழவன் ஒருவன் அவளை மணந்து தாய்க்கும் பிள்ளைக்கும் நிழல் தருகிறான். இறந்தான் எனக் கருதப்பட்டவன் மீண்டு வரும்போதே கதையின் சிக்கல் முற்றுகிறது. பிள்ளைக்குத் தகப்பன் யார், பெற்றவனா, காத்தவனா என்னும் கேள்வியை இப்படம் மக்கள் முன் வைத்தது. அந்நாளில் இது எளிய துணிவன்று.

'ஔரத்' என்னும் முதற் காவியம்

சாகர் கம்பெனி பின்னர் நேஷனல் ஸ்டூடியோஸ் என உருமாறிற்று. அதன் சார்பில் 1940-ஆம் ஆண்டு மெஹபூப் எடுத்த படமே 'ஔரத்'. பெண் என்பது அச்சொல்லின் பொருள். கதை பாபுபாய் மேத்தாவுடையது. வசனம் வஜாஹத் மிர்ஸா. இசை அனில் பிஸ்வாஸ். ராதா என்னும் உழவர் குலப்பெண்ணாகச் சர்தார் அக்தர் நடித்தார். இவ்வம்மையாரையே 1942-இல் மெஹபூப் மணந்துகொண்டார்.

கதை இது: கலியாணச் செலவுக்கு வாங்கிய கடன் வளர்ந்து நிலத்தை விழுங்குகிறது. லேவாதேவி செய்யும் சுக்கிலாலா வாசலில் வந்து நிற்கிறான். குடும்பச் சுமையைத் தாங்க மாட்டாத கணவன், மனைவியையும் மக்களையும் விட்டு ஓடிவிடுகிறான். திரும்பி வரவே இல்லை. பஞ்சமும் பசியும் பிள்ளைகளைப் பறிக்க, எஞ்சிய இருவரை ராதா ஒற்றையாளாய் நின்று வளர்க்கிறாள். மூத்தவன் ராமு அடக்கமானவன். இளையவன் பிர்ஜு முரடனாகி, கொள்ளைக்காரனாகவும் மாறுகிறான். தாய் அவனையே பெரிதும் நேசித்தாள். முடிவில் ஊரின் மானத்தைக் காக்கும் பொருட்டு அவள் கையாலேயே அவனைக் கொல்ல நேர்கிறது.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று. கணவன் இறக்கவில்லை, அவனை யாரும் கொண்டு போகவும் இல்லை. பொறுப்பை உதறிவிட்டு அவனே போய்விட்டான். புராணக் கதைகளிற் கணவனைத் தேடிச் செல்லும் பத்தினிப் பெண்களையே கண்டு பழகிய மக்களுக்கு, போனவனை எதிர்பார்த்துக் காலம் கழிக்காது கலப்பையைக் கையிலெடுத்த பெண்ணை மெஹபூப் காட்டினார். விதவைக்கேனும் ஊரில் ஓர் இரக்கம் உண்டு. கைவிடப்பட்டவளுக்கு அதுவும் இல்லை. அவளிடமே குற்றம் இருக்குமோ என ஐயுறுவது ஊரின் வழக்கம். அத்தகையவளைக் காவியத் தலைவி ஆக்கியதே 'ஔரத்' படத்தின் பெருமை.

சொந்தக் கம்பெனி

1942-இல் செல்வத்தின் பேராசையைச் சாடும் 'ரொட்டி' என்னும் படத்தை எடுத்தபின், 1943-இல் மெஹபூப் புரொடக்ஷன்ஸ் என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சுத்தியலும் அரிவாளும் அதன் சின்னம். அவரோ தொழுகை தவறாத பக்தர். இரண்டும் எங்ஙனம் பொருந்தும் என வியந்தார் பலர். உழைப்பாளிக்கு நியாயம் கிடைத்தல் வேண்டும் என்பதும், கொடுப்பவன் இறைவன் என்பதும் அவர் உள்ளத்தில் முரண்பட்டதில்லை போலும்.

அவ்வாண்டே 'தக்தீர்' என்னும் படத்தில் நர்கீஸைக் கதாநாயகியாக அறிமுகம் செய்தார். நர்கீஸின் தாயாராகிய ஜத்தன்பாய் தாமே பாடி, இசையமைத்து, படக் கம்பெனியும் நடத்திக் குடும்பத்தைத் தாங்கிய ஆற்றல் மிக்க பெண்மணி. பின்னர் 'அன்மோல் கடி' 1946-இலும், 'அந்தாஸ்' 1949-இலும் வந்து நாடெங்கும் ஓடின. 1952-இல் வந்த 'ஆன்' என்னும் வர்ணப் படம் இலண்டனிலும் திரையிடப்பட்டது. தமிழிலும் மொழிமாற்றம் பெற்று வந்தமையால், நம் பெற்றோர் பலர் தமிழ்நாட்டிலேயே மெஹபூபின் கைவண்ணத்தைக் கண்டு களித்தனர். 1954-இல் பம்பாய் பாந்த்ராவில் தம் பெயரால் ஸ்டூடியோ ஒன்றையும் நிறுவினார். கூட்டத்தில் ஒருவராக நின்றவர் நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை தரும் முதலாளி ஆனார்.

பொருள் குவிந்த அந்நிலையிலும் பழைய கேள்வி அவரை விடவில்லை. 1954-இல் 'அமர்' என்னும் படத்தை எடுத்தார். புயல் வீசும் இரவொன்றில் அடைக்கலம் தேடி வந்த பால்காரப் பெண்ணை, கற்றறிந்த வக்கீல் ஒருவன் கெடுத்துவிடுகிறான். அவள் கருவுறுகிறாள். ஊர் அவளைப் பழிக்கிறது. அவளோ அவன் பெயரைச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடும் அவன், தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள அஞ்சி நடுங்குகிறான். புகழின் உச்சியிலிருந்த திலீப் குமாரை இவ்வேடத்தில் நடிக்கச் செய்தது பெருந்துணிவு. மக்கள் அதனை ஏற்கவில்லை, படம் தோல்வியுற்றது. கதாநாயகனே குற்றவாளியாவதைக் காண நாடு அன்று ஆயத்தமாயில்லை.

'மதர் இந்தியா'

'ஔரத்' கதையின் உரிமையை 1952-இல் 35,000 ரூபாய் கொடுத்து நேஷனல் ஸ்டூடியோஸிடமிருந்து மெஹபூப் வாங்கினார். தாம் எடுத்த படத்தைத் தாமே விலை கொடுத்து மீட்டார் எனலாம். புதிய படத்துக்கு 'மதர் இந்தியா' எனப் பெயரிட்டார். 1927-இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது, இந்தியாவை இழித்தும் பழித்தும் இதே பெயரில் நூலொன்று எழுதியிருந்தார். ஆதலின் 1955-இல் இப்பெயரைக் கேள்வியுற்ற அரசாங்கத்தார் ஐயுற்று, கதையை அனுப்புமாறு பணித்தனர். அந்நூலின் பழியைத் துடைக்கவே அப்பெயரைச் சூட்டியதாக மெஹபூப் விளக்கினார்.

இம்முறை ராதாவாக நர்கீஸும், கணவன் சாமுவாக ராஜ் குமாரும், ராமுவாக ராஜேந்திர குமாரும், பிர்ஜுவாகச் சுனில் தத்தும் நடித்தனர். இசை நௌஷாத். ஒளிப்பதிவு அதே ஃபரிதூன் இரானி. சுக்கிலாலாவாக 1940-இல் நடித்த கன்னையாலாலே 1957-லும் நடித்தார். ஆட்சி மாறினும் லேவாதேவிக்காரன் முகம் மாறவில்லை என்று சொல்லாமற் சொல்வது போலும் அது.

சூரத்தை அடுத்த உம்ரா என்னும் ஊரில் வைக்கோற்போருக்குத் தீ வைத்துப் படம் பிடிக்கையில், தீ கட்டுமீறி நர்கீஸைச் சூழ்ந்துகொண்டது. சுனில் தத் உட்புகுந்து அவரைக் காத்தார். தாமும் தீப்புண் பட்டார். திரையில் தாயும் மகனுமாக நடித்த அவ்விருவரும் 1958 மார்ச்சில் திருமணம் செய்துகொண்டது யாவரும் அறிந்ததே.

1957 அக்டோபர் 25-ஆம் தேதி படம் வெளியாயிற்று. அதற்கு முன்பே ராஷ்டிரபதி பவனத்தில் இராஜேந்திர பிரசாத், நேரு ஆகியோர் கண்டனர். அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசுக்குரிய அயல்மொழிப் படங்கள் ஐந்தனுள் ஒன்றாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியப் படமும் இதுவே. பரிசு இத்தாலியப் படத்துக்குச் சென்றது. கார்லோவி வாரி விழாவில் 1958-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்குரிய பரிசை நர்கீஸ் பெற்றார். இக்கதை 1978-இல் 'புண்ணிய பூமி' என்னும் பெயரில் தமிழுக்கும் வந்தது.

இரு ராதாக்கள்

பதினேழு ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரு படங்களையும் ஒப்பிட்டுக் காண்போர்க்கு ஒரு மாறுதல் புலனாகும். 'ஔரத்' படத்துக் கணவன் பொறுப்புக்கு அஞ்சி ஓடியவன். 'மதர் இந்தியா' படத்துக் கணவனோ, தரிசு நிலத்தைத் திருத்துகையிற் பாறை விழுந்து இரு கைகளையும் இழந்தவன். பிறர் கையால் உண்ணும் நாணம் பொறாது வீட்டை விட்டு அகன்றவன். முன்னவன் மேற் சினம் எழும். பின்னவன் மேல் இரக்கமே எழும். 'அமர்' படத்தின் தோல்விக்குப் பின் வந்த படம் இது என்பதை நினைவிற்கொண்டால், ஆடவனைக் குற்றவாளியாக்குவதை விட அவனை ஊனமுற்றவனாக்குவதே மக்களுக்கு உகந்தது என மெஹபூப் கருதினாரோ எனத் தோன்றுகிறது. கலை நயத்தாலும் பொருட் செலவாலும் பின்னது பெரிய படம். வாழ்க்கையின் உண்மைக்கு அணுக்கமானது முன்னதே என்பது என் கருத்து. கைகள் இரண்டும் நன்றாயிருந்தும் மனைவி மக்களைக் கைவிட்டவர்களே உலகில் மிகுதி.

வேறொன்றும் காண வேண்டும். 'மதர் இந்தியா'வில் மாமியார் வாங்கிய கடன் 500 ரூபாய்தான். அதற்கு வட்டியாக விளைச்சலில் முக்காற்பங்கு போகிறது. கணக்கு ஏட்டில் எழுதியிருப்பதைப் படிக்க அக்குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. வழக்கைக் கேட்ட ஊர்ப் பெரியவர்கள் லேவாதேவிக்காரன் பக்கமே தீர்ப்புச் சொல்கின்றனர். வெள்ளம் வந்து, பிள்ளைகள் பசியால் வாடும்போது, மானத்தை விலையாகக் கேட்கிறான் சுக்கிலாலா. அவள் மறுத்து மீண்டு, ஏரைத் தன் தோளில் ஏற்றுகிறாள். ஆண்டுகள் பல சென்றபின், புதிய கால்வாயைத் திறந்து வைக்க அதே ஊரார் அவளை வருந்தி அழைத்து மாலையிடுகின்றனர். படம் தொடங்குவதே அக்காட்சியில்தான். நியாயம் கேட்டு நின்றபோது கைவிட்ட ஊர், நரை தோன்றியபின் அவளைத் தெய்வமாக்குகிறது. மாலையை ஏற்கத் தயங்கும் அம்முதியவளின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். பள்ளியறியா மெஹபூப் நமக்கு வைத்த பாடம் இதுவே.

மறைவு

அவருடைய கடைசிப் படம் 1962-இல் வந்த 'சன் ஆப் இந்தியா'. அது வெற்றி பெறவில்லை. 1963-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1964 மே 27-இல் நேரு மறைந்தார். மறுநாள் 28-ஆம் தேதி மாரடைப்பால் மெஹபூப் கானும் உயிர் நீத்தார். நாடு முழுதும் பெருந்துயரில் ஆழ்ந்திருந்த வேளையில், இவர் மறைவு பலருக்குத் தெரியாமலே போயிற்று. பம்பாய் மரீன் லைன்ஸ் அருகிலுள்ள மயானத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். நூற்றாண்டை ஒட்டி 2007-இல் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டுவது

'மதர் இந்தியா' உருவாகிக் கொண்டிருந்த 1956-ஆம் ஆண்டிலேயே இந்து மைனர்களின் பாதுகாவலர் பற்றிய சட்டம் நிறைவேறியது. பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின்னரே தாய் என அது விதித்தது. ராதாவைப் போன்று ஒற்றையாளாய் வளர்த்தவளுக்கும், எங்கோ ஓடிப்போன கணவன் உயிருடன் இருக்கும் வரை, சட்டத்தில் இரண்டாம் இடமே. 1999-இல், கீதா ஹரிஹரன் வழக்கில், தந்தை இல்லாத நிலையிலும் பொறுப்பின்றி விலகி நிற்கும் நிலையிலும் தாயே பாதுகாவலர் ஆவாள் என உச்ச நீதிமன்றம் பொருள் விரித்தது. மணமாகாத் தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே பாதுகாவலுரிமை கோரலாம் என 2015-இல் தீர்ப்பாயிற்று. பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோருள் ஒருவர் பெயரே போதும் என 2016-இல் விதி மாறிற்று. 'ஜாகீர்தார்' கேட்ட கேள்விக்குச் சட்டம் விடை காண எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

சட்டம் மாறினும் மனம் மாறுவது எளிதன்று. கணவன் பணியிலிருந்தபோது இறந்து, கருணை அடிப்படையில் வேலை பெற்று வந்த சகோதரிகள் பலரை நம் இரயில்வே ஆபீஸ்களிற் காண்கிறோம். கைவிடப்பட்டு வந்து, ஊறுகாய் போட்டும் துணி தைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் நம்மிடையே உளர். திரையில் ராதாவைக் கண்டு கண்ணீர் விடும் நாமே, இவர்களிடம் அவர் எங்கே என்று துருவிக் கேட்கிறோம். மங்கல காரியங்களில் ஒதுக்கியும் வைக்கிறோம். அவர்களைத் தியாகத்தின் திருவுரு எனப் புகழ்வதும் போதாது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் உதவி செய்ய வேண்டுவதில்லை அல்லவா! அவர்கள் தெய்வமல்லர், களைப்பும் கோபமும் உடைய மனிதப் பெண்களே. பிள்ளைக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருதல், மனு எழுதித் தருதல், நோயுற்ற நாளில் ஒருவேளை உணவு அனுப்புதல், சங்கத்து விழாவில் முதல் வரிசையில் அமர்த்துதல் — இவையே அவர்கட்கு வேண்டுவன.

மாலை பின்னர் வரட்டும். நியாயம் முன்னர்ச் செல்லட்டும். அதுவே பிலிமோராச் சிறுவன் மெஹபூபுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி ஆகும்.

வாழ்க தாய்மை! வளர்க நம் சங்கம்!